சிட்னி முதல் அடிலெய்டு வரை ஆற்றோரமாகக் கார் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹியூம் நெடுஞ்சாலையில் குண்டகாய் ஊரைத் தாண்டியதும் ஸ்டர்ட் நெடுஞ்சாலை மேற்கே பிரிகிறது. முதலில் மரம்பிட்ஜி ஆற்றையும் பிறகு மர்ரே ஆற்றையும் ஒட்டியே போய் அடிலெய்டு பக்கம் முடிகிறது. சிட்னியிலிருந்து மொத்தம் சுமார் 1,400 கி.மீ. குடும்பத்தோடு இந்த வழியில் போக நினைக்கும் நம்மவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம்.

எத்தனை நாள் வேணும்? ரெண்டு நாள்ல முடிச்சிடலாமா?

ரெண்டு ஓட்டுநர்கள் இருந்தால் முடியும். ஆனால் ஆற்றை ஒரு தடவைகூடக் கிட்டே போய்ப் பார்த்திருக்க மாட்டீர்கள். சாலை ஆற்றுக்கு அருகிலேயே போனாலும் தண்ணீர் கண்ணில் படுவது அபூர்வம். ஊருக்குள் திரும்பிக் கரைக்குப் போனால்தான் ஆறு தெரியும்.

நாலு இரவு தங்குவதுதான் நியாயமான கணக்கு. முதல் நாள் சிட்னியிலிருந்து வாகா வாகா, 460 கி.மீ. இரண்டாம் நாள் ஹே, 270 கி.மீ. மூன்றாம் நாள் மில்துரா, 295 கி.மீ. நாலாம் நாள் ரென்மார்க், 145 கி.மீ. கடைசி நாள் அடிலெய்டு, 255 கி.மீ. கூட ஒரு நாள் கிடைத்தால் அதை மில்துராவுக்குக் கொடுங்கள். முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்குக் குண்டகாய் சரியான இடம். 1852 ஜூனில் ஆறு பெருகி அந்த ஊரே மூழ்கியபோது, விராஜுரி பழங்குடியைச் சேர்ந்த யார்ரி, ஜாக்கி ஜாக்கி உள்ளிட்டோர் மரப்பட்டைப் படகுகளில் போய்ப் பல பேரைக் காப்பாற்றினார்கள். அவர்கள் இருவருக்கும் ஊர் நடுவில் சிலை இருக்கிறது.

எந்த மாசம் போறது நல்லது?

ஏப்ரல், மே மாதங்கள். வெயில் தணிந்திருக்கும், ஈத்தொல்லை குறைந்திருக்கும், நெல் அறுவடையும் பருத்தி அறுவடையும் நடக்கும். அடுத்த நல்ல காலம் ஆகஸ்ட் கடைசி முதல் செப்டம்பர் பாதி வரை. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த கனோலா அப்போதுதான் பூக்கும். வாகாவுக்கு வடக்கே ஜூனி, கூலமன், டெமோரா பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் மஞ்சள்தான். படமெடுக்கச் சாலையோரத்தோடு நின்றுகொள்ளுங்கள். செருப்பில் ஒட்டிய மண் வழியாகக் களை விதையும் பயிர் நோயும் பரவும். அனுமதி இல்லாமல் வேலியைத் தாண்டுவது விவசாயிக்கு உண்மையான நஷ்டம்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை 40 டிகிரிக்கு மேல் போவது சாதாரணம். குழந்தைகளோ வயதானவர்களோ உடன் வந்தால் தவிர்த்துவிடுங்கள். நவம்பர், டிசம்பரில் கோதுமை அறுவடை இயந்திரங்கள் சாலையின் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டு ஊர்ந்து வரும். முன்னால் வழிகாட்டி வண்டி வந்தால் வேகத்தைக் குறைத்து, இடதுபக்கம் ஒதுங்கி நின்றுவிடுங்கள்.

சாதாரண கார் போதுமா, ஃபோர் வீல் டிரைவ் வேணுமா?

ஸ்டர்ட் நெடுஞ்சாலை முழுக்கத் தார்ச்சாலை. கொரோல்லா போதும். பிரதான சாலையை விட்டு இறங்கும்போதுதான் கேள்வி வருகிறது. மில்துராவிலிருந்து சுமார் 110 கி.மீ. வடகிழக்கில் இருக்கும் மங்கோ தேசியப் பூங்காவுக்குப் போகும் வழியில் பெரும்பகுதி மண் சாலை. காய்ந்திருந்தால் சாதாரண காரில் 60, 70 வேகத்தில் போகலாம். மழை பெய்தால் சாலையையே மூடிவிடுவார்கள். அங்குள்ள களிமண் நனைந்ததும் சக்கரத்தில் அப்பிக்கொண்டு மட்கார்டு வரை நிரப்பிவிடும், அதன்பின் எந்த டிரைவ் இருந்தாலும் நகராது. மூடிய சாலையில் ஓட்டினால் அபராதமும் உண்டு.

வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தை ஒரு முறை படியுங்கள். மண் சாலையில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்ற நிபந்தனை பெரும்பாலானவற்றில் இருக்கும். அப்படியானால் மில்துராவிலிருந்து சுற்றுலா வண்டியில் மங்கோ போய் வாருங்கள். தவறவிடக் கூடாத இடம் அது. வற்றிப்போன அந்த ஏரிக்கரையில் 1968-ல் கிடைத்த எரியூட்டப்பட்ட பெண்ணின் எலும்புகள் சுமார் 40,000 ஆண்டுகள் பழமையானவை. மணல்மேட்டின் மேல் வழிகாட்டியோடு மட்டுமே ஏற முடியும்.

கிளம்பறதுக்கு முன்னாடி வண்டியில என்னென்ன பார்க்கணும்?

முதலில் ஸ்டெப்னி. டிக்கியைத் திறந்து, உண்மையிலேயே இருக்கிறதா, காற்று இருக்கிறதா என்று பாருங்கள். புதிய கார்கள் பலவற்றில் ஸ்டெப்னிக்குப் பதில் பசை டப்பாவும் சின்ன பம்ப்பும்தான் இருக்கும். ஆணி குத்திய ஓட்டையை அந்தப் பசை அடைக்கும், டயரின் பக்கவாட்டுக் கிழிசலை அடைக்காது. மெலிந்த தற்காலிக ஸ்டெப்னி என்றால் 80 வேகத்துக்கு மேல் கூடாது, அடுத்த ஊர் டயர் கடை வரைதான் அது தாங்கும். சக்கரத்தில் பூட்டு நட்டு இருந்தால் அதற்கான தனிச் சாவியைத் தேடி எடுத்து ஸ்டெப்னியோடு வையுங்கள். சாலையோரத்தில் மாட்டிக்கொள்பவர்கள் பலர் இந்தச் சாவி இல்லாமல்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

காற்றழுத்தத்தைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஐந்து பேரும் நிறையச் சாமானும் இருந்தால், ஓட்டுநர் பக்கக் கதவில் ஒட்டியிருக்கும் அட்டையில் முழுப் பாரத்துக்கான அளவு தனியாகப் போட்டிருக்கும், அதை வையுங்கள். கூலன்ட், வைப்பர் ரப்பர், கண்ணாடி கழுவும் நீர் மூன்றையும் பாருங்கள். பூச்சிகள் கண்ணாடியில் அப்பும்போது வெறும் தண்ணீர் போதாது, சோப்புத் திரவம் கலந்தது வேண்டும். குடிதண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர். முதலுதவிப் பெட்டியில் அகலமான இறுக்குக் கட்டுத்துணி இரண்டு இருக்கட்டும். பாம்பு கடித்தால் அதைக் கடிவாயிலிருந்து தொடங்கிக் கை அல்லது கால் முழுவதும் இறுக்கிச் சுற்றி, ஆளை அசையவிடாமல் அவசர உதவி எண்ணான 000-ஐ அழைக்க வேண்டும். கடித்த இடத்தைக் கழுவவோ கீறவோ கூடாது.

பெட்ரோல் எங்கெங்க போடணும்?

பாதி டாங்க்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள், அவ்வளவுதான். நரண்டேராவிலிருந்து ஹே 170 கி.மீ., ஹேயிலிருந்து பால்ரானால்ட் 130 கி.மீ. இரண்டாவது துண்டில் நடுவே ஊரே கிடையாது. பால்ரானால்டிலிருந்து 80 கி.மீ.யில் யூஸ்டன் வந்துவிடும், அதற்கப்புறம் கவலையில்லை. மின்சாரக் காருக்கு வாகா, ஹே, மில்துரா மூன்றிலும் வேகச் சார்ஜர்கள் உண்டு. சமவெளியில் எதிர்க்காற்றில் 110-ல் போனால் பாட்டரி எதிர்பார்த்ததைவிட வேகமாக இறங்கும், 95-ல் போங்கள்.

ராத்திரி டிராஃபிக் இல்லாம இருக்குமே, அப்ப ஓட்டினா என்ன?

வேண்டாம். இந்தப் பக்கத்திலேயே கண்டிப்பாகச் சொல்ல விரும்புவது இதை ஒன்றைத்தான். கங்காருக்கள் பகலில் நிழலில் படுத்திருந்து, அந்தி சாயும்போதும் விடியலுக்கு முன்னும் மேய வருகின்றன. சாலையில் விழும் மழைநீர் ஓரத்துக்கு வடிவதால் அங்கேதான் பசும்புல் அதிகம். அதனால் அவை சாலையோரத்துக்கே வரும். 110 வேகத்தில் வரும் கார், கால் பிரேக்குக்குப் போகும் நேரத்தையும் சேர்த்து, நிற்க 100 மீட்டருக்கும் மேல் பிடிக்கும். லோ பீம் வெளிச்சம் அவ்வளவு தூரம் எட்டாது. கங்காருவைப் பார்க்கும் நொடியிலேயே தாமதமாகிவிட்டது என்று அர்த்தம்.

மாலை நாலரைக்குள் தங்கும் ஊருக்குள் இருங்கள். ஜூனில் ஐந்து மணி சுமாருக்கே சூரியன் மறைந்துவிடும். தவிர்க்க முடியாமல் இருட்டிவிட்டால் 80-க்குக் குறைத்து, எதிர்வண்டி இல்லாதபோது ஹை பீமில் போங்கள். குறுக்கே பாய்ந்தால் ஸ்டியரிங்கைத் திருப்பாதீர்கள், நேராகப் பிடித்தபடி பிரேக்கை அழுத்துங்கள். உயிர்கள் போவது பெரும்பாலும் கங்காருவை இடித்ததால் அல்ல, அதைத் தவிர்க்கத் திருப்பி மரத்தில் மோதியதாலும் உருண்டதாலும்தான். ஒன்று தாண்டியதும் வேகமெடுக்காதீர்கள், பின்னால் இன்னொன்று வரும்.

இடித்துவிட்டால் பாதுகாப்பாக ஒதுங்கி நிறுத்தி, முன்பக்கம் குனிந்து தரையில் பச்சையாகவோ சிவப்பாகவோ சொட்டுகிறதா என்று பாருங்கள். அது கூலன்ட். சொட்டினால் ஓட்டக் கூடாது, பத்து நிமிடத்தில் இன்ஜின் போய்விடும். பெண் கங்காரு இறந்து கிடந்தால் பையில் உயிரோடு குட்டி இருக்கலாம். வண்டி வராத இடமாக இருந்தால் பார்த்து, அந்தப் பகுதி வனவிலங்கு மீட்புக் குழுவுக்குத் தகவல் கொடுங்கள்.

ரோடு ட்ரெயினை எப்படி ஓவர்டேக் பண்றது? பயமா இருக்கே.

கணக்கு தெரிந்தால் பயம் அளவோடு இருக்கும். இழுவை வண்டியும் இரண்டு டிரெய்லரும் சேர்ந்த ரோடு ட்ரெயின் 36.5 மீட்டர் வரை நீளும். அது 90-ல் போகிறது, நீங்கள் 110-ல் தாண்டுகிறீர்கள் என்றால் வித்தியாசம் 20 மட்டுமே. முன்னும் பின்னும் 25 மீட்டர் இடைவெளி சேர்த்தால் தாண்டி முடிக்க 16 நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் நீங்கள் அரை கிலோமீட்டர் போயிருப்பீர்கள், எதிரே 110-ல் வரும் காரும் அதே அளவு வந்திருக்கும். ஆக, ஒரு கிலோமீட்டர் தூரம் சாலை காலியாகத் தெரிந்தால் மட்டும் தாண்டுங்கள். அவசரத்தில் வேக வரம்பை மீறினாலும் குற்றம் குற்றம்தான்.

பின்னால் நெருங்கி ஒட்டிக்கொள்ளாதீர்கள், எதிரே வருவது தெரியாது, கல்லும் கண்ணாடியில் அடிக்கும். கொஞ்சம் பின்தங்கியே இருங்கள். முந்தும் தடம் வரப்போகிறது என்று பலகை போட்டிருந்தால் காத்திருப்பது நல்லது. தாண்டும்போதும் எதிரே கடக்கும்போதும் காற்று காரை ஒரு பக்கம் தள்ளும், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடியுங்கள். கேரவன் இழுப்பவர்கள் வண்டிக்கு வண்டி பேசும் யூஎச்எஃப் ரேடியோவில் 40-ம் சேனலில் இருந்தால் லாரி ஓட்டுநரிடமே பேசிவிடலாம்.

போன் சிக்னல் கிடைக்குமா?

ஊர்களில் கிடைக்கும், நடுவில் விட்டுவிட்டுத்தான். உள்நாட்டில் டெல்ஸ்ட்ரா நெட்வொர்க்கே அதிக தூரம் எட்டுகிறது. குடும்பத்தில் ஒருவர் போனிலாவது அந்த சிம் இருக்கட்டும். 2024-ல் 3ஜி சேவை நிறுத்தப்பட்டது, ஆகவே வெளிநாட்டில் வாங்கிய பழைய போனில் 000 அழைப்பு போகுமா என்று உங்கள் சேவை நிறுவனத்திடம் கிளம்புவதற்கு முன்பே உறுதி செய்யுங்கள். வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வழியில் வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு நடந்து போகாதீர்கள்.

வீட்டுல இருந்து காய்கறி, பழம் எல்லாம் எடுத்துட்டுப் போகலாமா?

 தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் முடியாது. ரென்மார்க்குக்கு முன்னால் யம்பா என்ற இடத்தில் ஸ்டர்ட் நெடுஞ்சாலையில் இரவு பகலாகச் சோதனைச் சாவடி இருக்கிறது, எல்லா வண்டியும் நிற்க வேண்டும். ரென்மார்க், பெரி, லாக்ஸ்டன், வைகேரி பக்கம் இருக்கும் ஆரஞ்சு, திராட்சை, ஆப்ரிகாட் தோட்டங்களுக்குப் பழ ஈ பெரும் எதிரி. ஒரே ஒரு புழு வைத்த பழம் போதும், ஏற்றுமதியே நின்றுபோகும். அதனால் இதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். கடை ரசீது இருந்தாலும் செல்லாது.

பழம் என்றால் வாழைப்பழமும் ஆப்பிளும் மட்டும்தான் என்று நம்மவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். தக்காளி, பச்சை மிளகாய், கத்தரிக்காய், குடைமிளகாய், எலுமிச்சை எல்லாம் பழ ஈ முட்டையிடும் காய்கள்தான். குழந்தையின் பள்ளிப் பையில் மறந்துபோன மாண்டரினுக்கும் அபராதம் உண்டு. மில்துராவில் கடைசி இரவு இருப்பதையெல்லாம் சமைத்து முடியுங்கள், மிஞ்சியதைச் சாவடிக்கு முன் இருக்கும் தொட்டியில் போட்டுவிடுங்கள். ஊறுகாய், வற்றல், பொடி, சமைத்த சாப்பாடு ஆகியவற்றால் சிக்கல் இல்லை. சந்தேகமாக ஒன்று இருந்தால் அதிகாரி கேட்பதற்கு முன் நீங்களே எடுத்துக் காட்டுங்கள். ரென்மார்க் போய்ப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம்.

சைவம் சாப்பிடறவங்க என்ன பண்றது?

வாகா, கிரிஃபித், மில்துரா மூன்றிலும் இந்திய உணவகங்கள் உண்டு. கிரிஃபித்தில் பஞ்சாபிக் குடும்பங்கள் நிறைய இருப்பதால் பருப்பும் மாவும் மசாலாவும் கிடைக்கும். சின்ன ஊர்களில் பேக்கரியும் பப்பும்தான். பப் சமையலறை இரவு எட்டு, எட்டரைக்கே மூடிவிடும், ஏழு மணிக்குள் போய்விடுங்கள்.

கேரவன் பார்க்கில் சமையலறை உள்ள கேபின் எடுத்தால் பிரச்சினை பாதி தீர்ந்தது. ரைஸ் குக்கர், பருப்பு, புளி, சாம்பார்ப் பொடி இருந்தால் போதும். தாளிப்பை மட்டும் கேபினுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். கடுகும் மிளகாயும் புகைந்தால் புகை அலாரம் அலறும். வெளியே இருக்கும் பொதுச் சமையல் கொட்டகையில் தாளித்துக் கொட்டிக்கொள்ளுங்கள். பல ஊர்ப் பூங்காக்களில் இலவச மின்சாரத் தோசைக்கல் போன்ற பார்பெக்யூ தட்டுகள் உண்டு. அவற்றில் இறைச்சி சமைத்திருப்பார்கள் என்பதால் அலுமினியத் தாளை விரித்துக்கொள்வது சைவர்களுக்கு உதவும். அரசு அறிவிக்கும் முழு நெருப்புத் தடை நாளில் விறகு அடுப்பு மூட்டவே கூடாது.

அங்க நெல் விளையுதாமே, வழியில வயல் பார்க்க முடியுமா?

முடியும், ஆனால் ஸ்டர்ட் நெடுஞ்சாலையிலேயே போனால் அதிகம் தெரியாது. நரண்டேராவில் வடக்கே திரும்பி 30 கி.மீ.யில் லீட்டன், அங்கிருந்து 60 கி.மீ.யில் கிரிஃபித், பிறகு ஹே. நேர்வழியைவிடச் சுமார் 70 கி.மீ. கூடுதல், அவ்வளவும் தகும். இது மரம்பிட்ஜி பாசனப் பகுதி. பர்ரன்ஜக் அணைத் தண்ணீரை நம்பி 1912-ல் தொடங்கியது. லீட்டன், கிரிஃபித் இரண்டு ஊருக்கும் வரைபடம் போட்டவர், கான்பெராவை வடிவமைத்த வால்டர் பர்லி கிரிஃபின். சன்ரைஸ் (SunRice) அரிசி நிறுவனத்தின் தலைமையிடமும் லீட்டன்தான்.

தஞ்சாவூர்க் கண்ணோடு பார்த்தால் வயல் வேறு மாதிரி இருக்கும். நாற்றங்கால் கிடையாது, நடவு கிடையாது. லேசரால் சமன் செய்த பெரிய பாத்திகளில் அக்டோபர், நவம்பரில் விதையைச் சிறு விமானத்திலிருந்து தூவுவார்கள், அல்லது டிராக்டரால் விதைப்பார்கள். வருடத்துக்கு ஒரே போகம். பூக்கும் பருவத்தில் இரவுக்குளிர் கதிரைப் பதராக்கிவிடும் என்பதால் ஜனவரியில் தண்ணீரை ஆழமாகத் தேக்கி, கதிர்க்குருத்தைக் கதகதப்பாக வைத்திருப்பார்கள். மார்ச் முதல் மே வரை அறுவடை. விளைச்சல் ஹெக்டேருக்குச் சுமார் 10 டன், உலகிலேயே உயர்ந்த அளவுகளில் ஒன்று.

ஆனால் ஒவ்வொரு வருடமும் வயல் இருக்கும் என்று சொல்ல முடியாது. அணையில் இருக்கும் நீரைப் பொறுத்துத்தான் விவசாயிக்கு ஒதுக்கீடு கிடைக்கும், அந்த ஒதுக்கீட்டை விற்கவும் வாங்கவும் முடியும். வறட்சி வருடத்தில் நெல் போடுவதைவிடத் தண்ணீரைத் திராட்சை, பாதாம் தோட்டக்காரருக்கு விற்பதே லாபம். 2019, 2020 அறுவடைகளில் நெல் மிகக் குறைந்துபோனது அதனால்தான்.

ஹே சமவெளியில பார்க்க ஒண்ணுமே இல்லைன்னு சொல்றாங்களே?

மரமில்லாத, மேடில்லாத நிலம் அது. பழைய ஆறுகள் வண்டலைக் கொட்டிக் கொட்டி நிரவிய தரை. அங்கே பார்க்க வேண்டியது வானம். ஊருக்கு வடக்கே காப் நெடுஞ்சாலையில் 16 கி.மீ. போனால் சூரிய அஸ்தமனம் பார்க்கவே ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இருட்டில் திரும்பி வர வேண்டியிருப்பதால், கங்காருவைப் பற்றி மேலே சொன்ன 80 வேகம் அங்கே கட்டாயம்.

ஆத்துல குளிக்கலாமா? கரையில மர நிழல்ல டென்ட் போடலாமா?

மர நிழலில் கூடவே கூடாது. கரையெங்கும் நிற்கும் சிவப்பு யூகலிப்டஸ் மரங்கள் காற்றே இல்லாத வெயில் நாளிலும் திடீரென்று பெருங்கிளையை உதிர்க்கும். டென்ட்டையும் காரையும் கிளைகள் எட்டாத தூரத்தில் வையுங்கள்.

மர்ரே அமைதியாகத் தெரியும், அடியில் இழுக்கும். கலங்கிய நீருக்குள் முழு மரங்கள் மூழ்கிக் கிடக்கும். மேலிருந்து குதிப்பது, மரத்தில் கயிறு கட்டி ஊஞ்சலாடிக் குதிப்பது இரண்டும் வேண்டாம். மணல் திட்டில், முழங்கால் ஆழத்தில், குழந்தைகளைக் கை எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு நனையுங்கள். நீலப்பச்சைப் பாசி எச்சரிக்கைப் பலகை இருந்தால் அதுவும் வேண்டாம். சாயங்காலம் முழுக்கைச் சட்டையும் கொசு மருந்தும் அவசியம். 2022-ல் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்த ஆற்றுப் பகுதிகளில் பரவியது.

விக்டோரியா கரையில நின்னு மீன் பிடிச்சா எந்த மாநில லைசென்ஸ் வேணும்?

நியூ சவுத் வேல்ஸ் லைசென்ஸ். மாநில எல்லை தென்கரையில் இருக்கிறது, அந்த எல்லை நெடுக ஆறு நியூ சவுத் வேல்ஸுக்குச் சொந்தம். மர்ரே காட் மீனை செப்டம்பர் 1 முதல் நவம்பர் 30 வரை பிடிக்கக் கூடாது. மற்ற மாதங்களில் 55 முதல் 75 செ.மீ. வரை நீளமுள்ளதை மட்டும், நாளொன்றுக்கு இரண்டு வைத்துக்கொள்ளலாம். தெற்கு ஆஸ்திரேலியாவில் அந்த மீனைப் பிடித்தால் திரும்ப விட்டுவிட வேண்டும்.

வெள்ளம் வந்தா வழியில மாட்டிக்குவோமா?

மலைப்பகுதி ஆறுபோல ஒரே இரவில் வராது. மர்ரேயின் கீழ்ப்பகுதி சரிவே இல்லாத நிலம். மேலே ஹியூம் அணைப் பக்கம் விட்ட தண்ணீர் தெற்கு ஆஸ்திரேலியா வந்து சேர வாரக்கணக்கில் ஆகும், எச்சரிக்கையும் அவ்வளவு முன்பே கிடைக்கும். 2022 அக்டோபரில் மேலே விக்டோரியாவின் எச்சுக்கா ஊரைச் சூழ்ந்த வெள்ளம் ரென்மார்க் பக்கம் உச்சத்தைத் தொட்டது டிசம்பர் கடைசியில்தான். 1956-க்குப் பிறகு அங்கே வந்த மிகப் பெரிய வெள்ளம் அது. மில்துராவுக்கு 30 கி.மீ. மேற்கே வென்ட்வொர்த்தில் டார்லிங் ஆறு மர்ரேயோடு கலக்கும் இடத்தில் ஒரு கோபுரம் உண்டு, ஏறினால் இரண்டு தண்ணீரின் நிறமும் தனித்தனியாகத் தெரியும். 1956-ல் அந்த ஊரைக் காத்த கரையைப் போட்டது ஃபெர்கூசன் டிராக்டர்கள். அவற்றுக்கு அங்கே நினைவுச் சின்னமே வைத்திருக்கிறார்கள்.

மிதவையில காரை ஏத்தி ஆத்தைக் கடக்கலாமாமே, காசு எவ்வளவு?

இலவசம். தெற்கு ஆஸ்திரேலியாவில் லைரப், வைகேரி, கேடெல், மார்கன், ஸ்வான் ரீச், மேனம் முதலிய இடங்களில் கம்பிவடத்தைப் பிடித்து நகரும் மிதவைகள் ஓடுகின்றன. கரையில் சிவப்பு விளக்கில் நில்லுங்கள், ஆள் சைகை காட்டியதும் மெதுவாக ஏறி, கை பிரேக் போட்டு, ஹெட்லைட்டை அணையுங்கள். எதிர்க்கரை சில நிமிடத்தில் வந்துவிடும். வெள்ளக் காலத்தில் நிறுத்திவிடுவார்கள்.

ரென்மார்க் போனதும் போன்ல நேரம் அரை மணி குறையுதே, ஏன்?

தெற்கு ஆஸ்திரேலியா அரை மணி பின்தங்கிய நேரத்தில் இருக்கிறது. இதனால் கடிகாரப்படி சூரியனும் முன்கூட்டியே மறையும். மேலே சொன்ன நாலரை மணியை அங்கே நாலு மணி என்று மாற்றிக்கொள்ளுங்கள். எல்லையைத் தாண்டி முன்பதிவு செய்த படகுச் சவாரி, கேபின் சாவி வாங்கும் நேரம் எல்லாம் உள்ளூர் நேரம்தான்.

திரும்பும்போது வேற வழியா சிட்னி வரலாமா?

புரோக்கன் ஹில் வழியாக வரலாம். அடிலெய்டிலிருந்து புரோக்கன் ஹில் 515 கி.மீ., அங்கிருந்து வில்கானியா 195, கோபார் 260, பிறகு நிங்கன், டப்போ வழியாகச் சிட்னி. மொத்தம் சுமார் 1,650 கி.மீ., எல்லாமே தார்ச்சாலை. வில்கானியாவுக்கும் கோபாருக்கும் நடுவே எம்டேல் ரோடுஹவுஸ் ஒன்றுதான் பெட்ரோலுக்கு, வில்கானியாவிலேயே டாங்க்கை நிரப்பிவிடுங்கள். அந்தத் துண்டில் கங்காருவோடு காட்டு ஆடுகளும் பகலிலேயே மந்தையாகச் சாலையோரம் மேயும். ஒன்று தாண்டினால் மந்தையே பின்னால் ஓடி வரும் என்பதால், கண்ணில் பட்டதுமே வேகத்தைக் குறையுங்கள். புரோக்கன் ஹில் நியூ சவுத் வேல்ஸில் இருந்தாலும் அடிலெய்டு நேரத்தையே பின்பற்றுகிறது, அரை மணி திரும்பக் கூடுவது அந்த ஊரை விட்டுக் கிழக்கே போன பிறகுதான்.